தொழில் கேள்வி பதில்: எவ்வளவு இழக்கத் தயார்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, 'இப்போது எந்தத் தொழில் நன்றாகப் போகும்?' என்று கேட்கின்றன. அதற்கு இந்தப் பகுதியில் பதில் கிடையாது. நன்றாகப் போகும் தொழில் எது என்று உறுதியாகத் தெரிந்தவர் அதைச் செய்துகொண்டிருப்பார், பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்க மாட்டார். எப்படி யோசிப்பது, எதை எண்ணிப் பார்ப்பது என்று கேட்ட கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எனக்கு வயது 36. பொறியியல் நிறுவனம் ஒன்றில் வேலை. சொந்தத் தொழில் ஆசை வெகு நாளாக உண்டு. ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் வியாபாரம் செய்ததில்லை. 'துணிச்சல் இல்லாதவனுக்கு வியாபாரம் எதற்கு?' என்கிறார் அண்ணன். தொழில் புத்தி பிறவியிலேயே வர வேண்டுமா, பழகினால் வருமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பழகினால் வரும். அண்ணன் சொல்லும் துணிச்சல்தான் இதில் கடைசியாகத் தேவைப்படும் சரக்கு.

வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சரஸ் சரஸ்வதி, நீண்ட அனுபவமுள்ள 27 தொழில்முனைவோரிடம் ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி ஆராய்ந்தார். அவர்களில் பெரும்பாலோர் 'இதில் எவ்வளவு கிடைக்கும்?' என்று தொடங்கவில்லை. கையில் என்ன இருக்கிறது, யாரைத் தெரியும், போனால் எவ்வளவு போகும் என்றுதான் தொடங்கினார்கள். முதலுக்கு மோசம் வராமல் பார்த்துக்கொள்வது என்று நம் செட்டித் தெரு வட்டிக்கடைக்காரர்கள் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்.

ஆகவே முதல் பயிற்சி, இழப்புக்கு வரம்பு கட்டுவது. ஒரு கணக்கு பாருங்கள். சேமிப்பு 38,000 சிங்கப்பூர் வெள்ளி, மாதச் செலவு 3,700 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதச் செலவு 22,200 வெள்ளியைத் தொடக் கூடாது. காப்புறுதி, பிள்ளை படிப்பு, பெற்றோர் மருத்துவம் என்று 8,000 வெள்ளியை ஒதுக்குங்கள். மிஞ்சுவது 7,800 வெள்ளி. அதிலும் முதல் முயற்சிக்குப் பாதிதான், அதாவது 3,900 வெள்ளி. மறுபாதி இரண்டாவது முயற்சிக்கு. முதல் முயற்சியில் கற்றதைப் பயன்படுத்தக் கையில் காசில்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம். கடன்பற்று அட்டையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டு எந்தச் சோதனையும் நிதானமாக நடக்காது.

பணத்தைப் போலவே நேரத்துக்கும் வரம்பு வேண்டும். வாரத்துக்கு எட்டு மணி நேரம், 16 வாரம் என்று மனைவியோடு பேசி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். வரம்பு கட்டிய பிறகு பயம் தானாகக் குறையும். அதிகபட்சம் என்ன போகும் என்று தெரிந்துவிடுகிறதே!

இரண்டாவது பயிற்சி, குறை நோட்டு. நான்கு வாரத்துக்குத் தினமும் ஒரு குறையை எழுதுங்கள். யாருக்கு, என்ன தொல்லை, எத்தனை நாளைக்கு ஒருமுறை, அதைச் சமாளிக்க இப்போது என்ன செலவழிக்கிறார். கடைசிக் கட்டம்தான் உயிர். காசோ நேரமோ யாரும் செலவழிக்காத குறை வெறும் புலம்பல், அதில் வியாபாரம் இல்லை. மின்தூக்கி மெதுவாக வருகிறது என்று எல்லாரும் முணுமுணுப்பார்கள், எவரும் ஐந்து காசு தரமாட்டார்கள். ஆனால் வயதான அப்பாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போக மகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைநாள் விடுப்பு எடுக்கிறார் என்றால், அங்கே ஏற்கெனவே ஒரு விலை கொடுக்கப்படுகிறது. துணைக்குப் போய்வரும் சேவைக்கு இடம் உண்டா என்று மூன்று குடும்பங்களிடம் விசாரிக்கலாம். நான்கு வாரம் முடிந்ததும் செலவுக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளை அடித்துவிடுங்கள். மிஞ்சுபவை மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். அதுவே போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றிய விதியும், நீங்கள் உருவாக்குவது யாருக்குச் சொந்தம் என்ற விதியும் இருக்கும். அவற்றைப் படித்துவிட்டு, தேவையானால் எழுத்துமூலம் அனுமதி பெற்றுத் தொடங்குங்கள். அலுவலக மடிக்கணினியில் சொந்தத் தொழில் கோப்பு ஒன்றுகூட இருக்க வேண்டாம்.

வீட்டிலிருந்தே முறுக்கு செய்து விற்கிறேன். அரை கிலோ பெட்டி 12 வெள்ளி. வாரம் 20 பெட்டி போகிறது. தீபாவளிக்கு இன்னும் கேட்பார்கள். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. எங்கே தவறு? பணிப்பெண்ணை உதவிக்கு வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, செங்காங்

பணிப்பெண் கேள்விக்கு முதலில் பதில். கூடாது. மனிதவள அமைச்சு வேலை அனுமதி தந்திருப்பது வீட்டு வேலைக்கு. விற்பனைக்கு முறுக்கு பிழிவது வீட்டு வேலை ஆகாது. வீட்டில் வசிக்காத ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்துவதும் வீட்டுத் தொழில் திட்டத்தில் இடமில்லாத செயல். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அனுமதி தனியாக வாங்கத் தேவையில்லை, சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமமும் வேண்டாம். ஆனால் சுகாதார வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டும், வாசலில் பலகை மாட்டக் கூடாது, புகையாலும் ஆள் நடமாட்டத்தாலும் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வரக் கூடாது.

இனிக் கணக்கு. நீங்கள் எழுதியதிலிருந்து ஒரு பெட்டிக்கு இப்படிப் பிரிக்கலாம். அரிசி மாவு, உளுந்து, வெண்ணெய், எள், எண்ணெய் 3.60 வெள்ளி. பெட்டியும் ஒட்டுத்தாளும் 90 காசு. எரிவாயு, மின்சாரம் 40 காசு. உடைந்தது, கருகியது, ருசி பார்க்கச் சொல்லிக் கொடுத்தது 50 காசு. 'இலவச விநியோகம்' என்று நீங்கள் பெருமையாகப் போட்டிருக்கிறீர்களே, அது சராசரியாக 2 வெள்ளி. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்! மொத்தம் 7.40 வெள்ளி போக மிஞ்சுவது 4.60 வெள்ளி.

இருபது பெட்டிக்கு 92 வெள்ளி. மாவு பிசைவது, பிழிவது, பொரிப்பது, ஆற வைப்பது, பெட்டியில் அடுக்குவது, வாட்ஸ்அப்பில் 'அக்கா, காரம் கம்மியா இருக்குமா?' என்பதற்குப் பதில் எழுதுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம் ஆகிறதென்றால், மணிக்கு 9.20 வெள்ளி. கடைசி மூன்று வேலையையும் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒரு வாரத்துக்குக் கைப்பேசிக் கடிகாரத்தை ஓடவிட்டு அளந்து பாருங்கள்.

விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. எத்தனை பேர் போகலாம் என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு. விலையை 14 வெள்ளி ஆக்கினால் பெட்டிக்கு 6.60 வெள்ளி மிஞ்சும். 14 பெட்டி மட்டுமே விற்றாலும் 92.40 வெள்ளி வந்துவிடும். அதாவது 20 பேரில் ஆறு பேர் விலகினாலும் அதே வருமானம், வேலை நேரம் மட்டும் ஏழு மணி. மணிக்கு 13.20 வெள்ளி. நடைமுறையில் ருசிக்குப் பழகியவர்களில் ஆறு பேர் விலகுவது அபூர்வம்.

ஏற்றும்போது எல்லாருக்கும் ஒரே நாளில் ஏற்றுங்கள், இரண்டு வாரம் முன்கூட்டிச் சொல்லுங்கள், காரணத்தை ஒரு வரிக்கு மேல் விளக்காதீர்கள். நீண்ட மன்னிப்புக் கடிதம் பேரம் பேச அழைப்பது போலாகும். விலையை ஏற்ற மனமில்லை என்றால் விநியோகத்தை மாற்றுங்கள். சனிக்கிழமை காலை பத்து முதல் பதினொன்று வரை உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வந்து பெற்றுக்கொள்ளலாம், வீட்டுக்கே வேண்டுமானால் கட்டணம் தனி.

தீபாவளிக் காலத்தில் அழிவது உங்கள் பெயர், அதற்குக் காரணம் அவசரம். நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். முறுக்கைச் சூட்டோடு பெட்டியில் போட்டால் உள்ளே ஆவி நின்று இரண்டு நாளில் நமுத்துவிடும். முழுவதும் ஆறிய பிறகே மூடுங்கள். ஒரே எண்ணெயில் நாள் முழுக்கப் பொரித்தால் நிறம் கருக்கும், ஒரு வாரத்தில் சிக்கு வாடை எழும். எண்ணெய் நுரைக்கத் தொடங்கினால் மாற்ற வேண்டிய நேரம். அந்தச் செலவை முன்பே விலையில் சேருங்கள், இல்லையென்றால் மாற்றுவதற்குக் கை வராது.

ஒரு அடுப்பில் ஒரு நாளுக்கு 20 பெட்டி, வாரம் நான்கு நாள், மூன்று வாரம் என்றால் 240 பெட்டிதான் உச்சம். உடம்பு சரியில்லாத நாளுக்கும் இடம் விட்டு 200 பெட்டியோடு நிறுத்துங்கள். பாதித் தொகையைப் பேநவ் பணப் பரிமாற்றம் வழியாக முன்பணமாக வாங்கிய பின்தான் ஆர்டர் எழுதுங்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு புத்தகத்தை மூடிவிடுங்கள். '201வது பெட்டி இல்லை' என்று சொல்லப் பழகுவதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம்தான். அடுத்த ஆண்டு அவர்தான் முதலில் அழைப்பார்.

தொழிலிலிருந்து ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குச் சந்தா கட்ட வேண்டிவரும். வாங்கியதற்கான ரசீதுகளை ஐந்தாண்டுக்கு எடுத்து வையுங்கள். நெகிழி உறையில் போட்டால் மங்கிவிடும், படம் எடுத்து வைப்பது மேல்.

பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் நாடக வகுப்பு தொடங்க எண்ணினேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டபோது 40 பேர் 'நிச்சயம் வருவோம்' என்றார்கள். அறிவித்த பிறகு மூவர்தான் பணம் கட்டினார்கள். ஏன் இப்படி?
– வாசகர், பொங்கோல்

நாற்பது பேரும் பொய் சொல்லவில்லை. தமிழ் வளர வேண்டும் என்ற நல்லெண்ணத்தைச் சொன்னார்கள். நீங்கள் கேட்ட கேள்வி அதைத்தான் கேட்டது.

'வருவீர்களா?' என்பது எதிர்காலக் கேள்வி. அதற்கு ஆம் என்று சொல்லச் செலவே இல்லை. நடந்ததைக் கேளுங்கள். சென்ற பள்ளி விடுமுறையில் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்த்தீர்கள்? எவ்வளவு கட்டினீர்கள்? எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? ஏன் நிறுத்தினீர்கள்? சனிக்கிழமை காலை எட்டு முதல் ஒன்று வரை வீட்டில் என்ன நடக்கும்? குழுவில் கேட்க வேண்டாம், அங்கே ஒருவர் ஆம் என்றால் மற்றவருக்கு இல்லை என்று சொல்லக் கூச்சம். தனித்தனியாகப் பன்னிரண்டு பேரிடம், ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் திட்டத்தைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு முன் வாய் திறந்து சொல்லக் கூடாது. சொன்ன கணத்திலிருந்து அவர் உங்களை ஊக்கப்படுத்தத் தொடங்கிவிடுவார், தகவல் வராது.

அந்த ஐந்து நிமிடத்தில் விலை சொல்லிப் பணம் கேளுங்கள். 'அடுத்த மாதம் ஒரே ஒரு மாதிரி வகுப்பு, 25 வெள்ளி, இன்றே கட்டினால் இடம் உறுதி, வகுப்பு நடக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பும்.' தேர்ச்சி மதிப்பெண்ணை முன்னதாகவே எழுதி வையுங்கள். பன்னிரண்டில் நான்கு பேர் கட்டினால் தொடரலாம். இரண்டுக்குக் கீழே என்றால் இந்த வடிவத்தில் வேண்டாம். இரண்டோ மூன்றோ என்றால் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி பாருங்கள். நேரம், இடம், விலை மூன்றையும் ஒருசேர மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும். மதிப்பெண்ணை முன்கூட்டி எழுதாதவர்கள், ஒருவர் கட்டினாலும் 'நல்ல தொடக்கம்' என்று தம்மையே சமாதானப்படுத்திக்கொள்வார்கள்.

பெரும்பாலும் உங்கள் போட்டி இன்னொரு தமிழ் வகுப்பு அல்ல, நீச்சல் வகுப்பும் பாட்டி வீடும்தான். அது தெரிந்துவிட்டால் நேரத்தை மாற்றுவது எளிது.

இப்போது கையிலுள்ள மூவரை விட்டுவிடாதீர்கள். நாற்பதில் அவர்கள் ஏன் கட்டினார்கள் என்பதுதான் உங்களிடம் இருக்கும் மிக விலையுயர்ந்த தகவல். பிள்ளை வீட்டில் தமிழே பேசுவதில்லையா, கூச்ச சுபாவமா, தொடக்கநிலை ஒன்றுக்கு முன் வாய்மொழிப் பயிற்சி தேடுகிறார்களா? பதில் ஒன்றுபோல இருந்தால், அடுத்த விளம்பரத்தின் முதல் வரி கிடைத்துவிட்டது. வீவக வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் பாடம் நடத்த முடியாது. மூவர் என்பது வீட்டிலேயே தொடங்கச் சரியான எண்ணிக்கை. அதற்குமேல் போனால் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் அறையைப் பாருங்கள். கடை எடுத்து ஈராண்டுக் குத்தகையில் கையெழுத்துப் போடும் ஆசையை ஒரு வருடமாவது தள்ளி வையுங்கள்.

ஒருவரே உரிமையாளராக இருக்கும் தனியுரிமை வணிகமா, தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமா? எதைப் பதிவு செய்வது?
– வாசகி, உட்லண்ட்ஸ்

இன்னும் ஒருவரும் காசு கொடுக்காத நிலையில் இந்தக் கேள்வியே முந்திப் பிறந்தது. பெயர், சின்னம், முகவரி அட்டை, பதிவு என்று ஓடுவது வேலை செய்த திருப்தியைத் தரும், விற்பனையைத் தராது.

பதிவு செய்யும் கட்டம் வந்துவிட்டால், தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் தனியுரிமை வணிகத்துக்குப் பெயர் விண்ணப்பம் 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவு 100 வெள்ளி. நிறுவனத்துக்குப் பெயர் 15 வெள்ளி, பதிவு 300 வெள்ளி. வித்தியாசம் கட்டணத்தில் இல்லை. தனியுரிமையில் தொழிலின் கடன் உங்கள் சொந்தக் கடன், வீட்டுச் சேமிப்பு வரைக்கும் வரும். நிறுவனத்தில் பொதுவாகப் போட்ட பங்கோடு நிற்கும். ஆனால் வங்கிக்கு நீங்களே தனிப்பட்ட உத்தரவாதம் எழுதிக் கொடுத்தால் அந்தச் சுவர் இடிந்துவிடும். நிறுவனத்துக்கு ஆறு மாதத்துக்குள் செயலாளர் நியமிக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் உண்டு. அந்தச் செலவு ஒவ்வோர் ஆண்டும் வரும்.

பிறருக்குக் காயமோ பெரிய சேதமோ நேரக்கூடிய தொழில், கூட்டாளி உள்ள தொழில், பெரிய நிறுவனங்களுக்கு விற்கும் தொழில் என்றால் நிறுவனம். மற்றபடி தனியுரிமையில் தொடங்கிப் பிறகு மாறலாம். வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்கள் 'சின்னதாக ஒரு பக்கத் தொழில்' என்று இறங்கிவிடக் கூடாது. அட்டையே பறிபோகும்.

ஏர்கான் சர்வீஸ் நிறுவனம் நடத்துகிறேன், ஐந்து ஊழியர். மாத விற்பனை 25,000 வெள்ளியிலிருந்து 40,000 ஆகிவிட்டது. ஆனால் சம்பள நாள் வந்தால் வயிறு கலங்குகிறது. இலாபம் காட்டும் தொழிலில் பணம் எங்கே போகிறது?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

உங்கள் வாடிக்கையாளர்களின் வங்கிக் கணக்கில் இருக்கிறது.

நீங்கள் எழுதியபடி பெரும்பகுதி அலுவலக வாடிக்கையாளர்கள், 60 நாள் தவணை. மாதம் 25,000 விற்றபோது எந்த நாளிலும் 50,000 வெள்ளி வெளியே நின்றது. இப்போது 80,000 நிற்கிறது. கூடுதல் 30,000 வெள்ளியில் உங்கள் இலாபத்தைக் கழித்தாலும், சம்பளமாகவும் உதிரிபாகமாகவும் பெட்ரோலாகவும் ஏற்கெனவே கையிலிருந்து போட்டது 25,000 வெள்ளியை எட்டும். வளர வளர இந்தக் குழி பெரிதாகும். விற்பனை விழும் காலத்தைவிட ஏறும் காலத்தில் மூச்சு முட்டுவது இதனால்தான்.

சம்பளம் தவணை பார்க்காது. ஐவருக்குத் தலா 2,800 வெள்ளி என்றால் 14,000. ஐம்பத்தைந்து வயதுக்கு உட்பட்டோருக்கு முதலாளி பங்கு மத்திய சேமநிதி (மசேநி) 17 விழுக்காடு, அதாவது இன்னொரு 2,380 வெள்ளி. ஊழியர் பங்கான 20 விழுக்காட்டையும் சேர்த்து நீங்கள்தான் அனுப்ப வேண்டும். அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி. பணம் தட்டுப்படும்போது மசேநியை முதலில் தள்ளிப்போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. தொழில் புதையத் தொடங்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

ஒரு தாளில் பதின்மூன்று வாரங்களைக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு வாரமும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு. வரவில் விலைப்பட்டியல் தேதியை எழுதாதீர்கள், அந்த வாடிக்கையாளர் வழக்கமாக எந்த நாளில் தருவாரோ அதை எழுதுங்கள். 60 நாள் என்று சொல்லி 75 நாளில் தருபவருக்கு 75. முடிவு இருப்பு எந்த வாரத்தில் சுழியத்துக்குக் கீழே போகிறது என்று பாருங்கள். அந்த வாரம் ஏழு வாரம் தள்ளி இருந்தால் உங்களுக்கு ஏழு வாரம் அவகாசம் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் அரைமணி நேரம் இதைத் திருத்துங்கள்.

வேலை முடிந்த அன்றே பட்டியல் அனுப்புங்கள். மாதக் கடைசியில் சேர்த்து அனுப்பினால், முதல் வாரம் செய்த வேலைக்கு மூன்று வாரம் இலவசக் கடன் கொடுத்தவர் ஆவீர்கள். கொள்முதல் ஆணை எண் விடுபட்டதால் மட்டுமே மாதக்கணக்கில் கிடக்கும் பட்டியல்கள் ஏராளம். அனுப்பிய மூன்றாம் நாள் கணக்குப் பிரிவைக் கூப்பிட்டு 'வந்ததா, எண் சரியா?' என்று மட்டும் கேளுங்கள். புதிய இயந்திரம் பொருத்தும் வேலைக்கு 50 விழுக்காடு முன்பணம் வாங்காமல் சாமான் வாங்காதீர்கள். வீடுகளுக்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொரு காலாண்டுக்கும் முன்னதாகவே பணம் வாங்குங்கள். வீட்டுக்காரர் தரும் முன்பணம் அலுவலகத்துக்கு நீங்கள் தரும் கடனைச் சமன் செய்யும்.

'பத்து நாளில் தந்தால் 2 விழுக்காடு கழிவு' என்று சொல்ல யோசித்திருக்கிறீர்கள். ஐம்பது நாள் முன்னதாகப் பணம் வர 2 விழுக்காடு என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு வட்டி. அதைவிட மலிவாகக் கடன் கிடைக்காத வாரத்தில் மட்டும் கொடுங்கள், வழக்கமாக்கிவிடாதீர்கள்.

ஆண்டு விற்பனை இப்போது 480,000 வெள்ளி வேகத்தில் போகிறது. ஒரு மில்லியனைத் தாண்டினால் பொருள் சேவை வரிக்குப் பதிவு கட்டாயம். வாங்கும் 9 விழுக்காடு உங்கள் காசு அல்ல, அதற்குத் தனி வங்கிக் கணக்கு வைப்பது நல்லது. இந்தத் தாளை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் இந்தியர் வர்த்தகத் தொழிற்சபையின் சிறிய நடுத்தர நிறுவன நிலையத்துக்குப் போனால் ஆலோசகரிடம் இலவசமாகப் பேசலாம். தாள் இல்லாமல் போனால் பேச்சு பொதுவாகவே முடியும்.

நண்பரும் நானும் ஆளுக்குப் பாதிப் பங்கு. அவர் இன்னும் வேலையில் இருக்கிறார், நான் முழுநேரம். எழுதி வைக்க வேண்டுமா? நட்பு கெடுமோ என்று தயக்கம்.
– வாசகர், தெம்பனிஸ்

எழுதாததால் கெட்ட நட்புகள்தான் அதிகம்.

பங்கு ஒரே நாளில் சேர வேண்டாம், உழைப்போடு சேரட்டும். நான்காண்டில் சேருவது, முதலாண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் இல்லை, முடிந்ததும் 48இல் 12 பங்கு, அதன்பின் மாதாமாதம் 48இல் ஒரு பங்கு என்பது பரவலான வழக்கம். ஒன்றரை ஆண்டில் விலகுபவர் தம் பாதியில் 48இல் 18 பங்கை மட்டும் எடுத்துப் போவார். பகுதிநேரக்காரருக்கு இந்தக் கடிகாரம் மெதுவாக ஓடலாம், அல்லது வேலையை விட்ட நாளிலிருந்து ஓடலாம். போட்ட பணத்தைப் பங்கு என்று எழுதுவீர்களா, நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் என்று எழுதுவீர்களா என்பதையும் இப்போதே தீருங்கள். சரிபாதியாக இருந்தால் வாக்கும் சரிபாதி. விலை நிர்ணயத்தில் யார் சொல் கடைசி, ஆள் எடுப்பதில் யார் சொல் கடைசி என்று துறை பிரித்து எழுதுங்கள். 'அவர் எப்போது வேலையை விடுவார்?' என்ற கேள்விக்குத் தேதி சொல்ல முடியவில்லை என்றால், அவர் கூட்டாளி அல்ல, முதலீட்டாளர்.

மகன் தேசிய சேவையை முடித்துவிட்டான். பழைய கணினிகளை வாங்கிப் பழுதுபார்த்து இணையத்தில் விற்கிறான். பதினொன்று விற்றுவிட்டானாம். பல்கலைக்கழகத்தைத் தள்ளிப்போட்டு இதையே செய்யப்போகிறேன் என்கிறான். அவன் அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். தோற்றுப்போனால் என்ன செய்வான்?
– ஒரு தாய், ஈசூன்

அம்மா, உங்கள் மகன் பேசிக்கொண்டு மட்டும் இல்லை, விற்றிருக்கிறார். கடன் வாங்காமல் பதினொன்று விற்றது சின்ன விஷயம் அல்ல. தோற்றுவிடுமோ என்ற கியாசு பயம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அதைத் திட்டாமல், கணக்காக மாற்றிக் கேளுங்கள்.

ஒவ்வொரு கணினிக்கும் வாங்கிய விலை, உதிரிபாகம், அனுப்பும் செலவு, செலவிட்ட மணி, விற்ற விலை, திரும்பி வந்ததா என்று ஒரு பட்டியல் கேளுங்கள். பதினொன்றில் இரண்டு பழுதாகித் திரும்பி வந்திருந்தால் மற்ற ஒன்பதின் இலாபம் கரைந்திருக்கலாம். இந்தத் தொழிலில் அடிவிழும் இடம் அதுதான். வாங்கும்போதே மின்கலம், திரை, வன்தட்டு மூன்றையும் சோதிக்காமல் விலை பேசுவதும், விற்ற பிறகு எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதித் தராததும் முக்கியக் காரணங்கள். பட்டியல் தரத் தயங்கினால் அது தொழில் இல்லை, பொழுதுபோக்கு.

பிறகு அவரும் அப்பாவும் ஒரே மேசையில் உட்காரட்டும். 'ஓராண்டு கழிந்தது, முயற்சி மோசமாகத் தோற்றுவிட்டது, ஏன்?' என்று ஆளுக்குப் பத்து நிமிடம் தனித்தனியாகக் காரணங்களை எழுதட்டும். உளவியலாளர் கேரி கிளைன் பிரபலமாக்கிய முறை இது. 'தோற்குமா?' என்று கேட்டால் சண்டை வரும். தோற்றதாக வைத்துக்கொண்டு காரணம் தேடினால் இருவரும் ஒரே பக்கம் நிற்பார்கள். அப்பாவின் அனுபவமும் அங்கேதான் பயன்படும். வந்த காரணங்களில் எளிதில் தடுக்கக்கூடியதை முதலில் தடுங்கள்.

இந்தத் தீவில் இது புதிதல்ல. 1819இல் பினாங்கிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்சுடன் சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளை, ஊர் எழும்பச் செங்கல் வேண்டும் என்று கண்டு சூளை போட்டார். துணிக் கடையும் வைத்தார். 1822இல் கடை எரிந்து, கடன் மட்டும் மிஞ்சியது. மறுபடி எழுந்து கடனைத் தீர்த்தார். சூளைக்குத் தேவையைக் கண்ணால் பார்த்துவிட்டு இறங்கியது வேறு, எல்லாச் சரக்கையும் ஒரே கூரையின் கீழ் அடுக்கியது வேறு. உங்கள் மகனும் வாங்கிய கணினிகளைப் படுக்கையறையில் இருபது, முப்பது என்று குவிக்காமல், ஐந்துக்கு மேல் விற்காமல் கையிருப்பில் வைப்பதில்லை என்று விதி போடட்டும்.

பல்கலைக்கழக இடத்தை ஓராண்டு ஒத்திவைக்க முடியுமா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே முடிவெடுக்கச் சொல்லுங்கள். நிறுத்தும் எல்லையையும் அவரே எழுதட்டும். பத்து மாதத்துக்குள் தன் செலவு போக மாதம் 1,500 வெள்ளி தொடர்ந்து மூன்று மாதம் நிற்காவிட்டால் படிப்புக்குத் திரும்புவது, போட்டது 3,000 வெள்ளியைத் தாண்டினால் அன்றே நிறுத்துவது என்று இருக்கலாம். எண்கள் உங்கள் வீட்டு நிலைக்கு ஏற்ப மாறட்டும். நீங்களோ அவர் அப்பாவோ பணம் கொடுப்பதாக இருந்தால், அது கடனா அன்பளிப்பா, கடனென்றால் எந்த மாதத்திலிருந்து எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் அதே தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள்.